நகைக்குள் ஒரு குரல்

என்.எஃப்.சி. சிப்புகளில் எளிதாகக் கிடைப்பது என்டாக் 213. பேட்டரி கிடையாது. போனை இரண்டு விரற்கடை தூரத்துக்குக் கொண்டுவந்தால், போன் எழுப்பும் 13.56 மெகாஹெர்ட்ஸ் காந்தப் புலத்திலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். தன்னிடம் இருப்பதைச் சொல்லும். போன் விலகியதும் அடங்கிவிடும். 'நினைவு நகை' என்ற பெயரில் விற்கும் பதக்கங்கள் பலவற்றில் இருப்பது இதுவோ இதன் உடன்பிறப்போதான். நாம் எழுதிவைக்க இதில் 144 பைட் இடம். பெரியவனான 216-இல் 888.

தமிழில் எழுதினால் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் போய்விடும். 'அம்மா' என்று எழுத 15. திருக்குறளின் முதல் குறளை இடைவெளிகளோடு எண்ணிப் பார்த்தேன்: 123 பைட். சின்ன சிப்பில் ஒருவழியாக உட்கார்ந்துவிடும். இரண்டாம் குறளுக்கு இடமில்லை.

*

நான் செய்ய நினைக்கும் பதக்கத்தில் வைக்கப்போவது குறள் இல்லை, மளிகைப் பட்டியல். அம்மா வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியது. "துவரம்பருப்பு ஒரு கிலோ, உளுந்து அரை, பெருங்காயம் இருக்கு, வேண்டாம்..." நடுவில் குக்கர் விசில் அடிக்கிறது. அம்மா பேச்சை நிறுத்திவிட்டு அதை எண்ணுகிறாள். பிறகு மறுபடி துவரம்பருப்பிலிருந்து ஆரம்பிக்கிறாள். அவள் போன பிறகு எஞ்சிய பதிவுகளில் இதில்தான் அவள் முழுதாக இருக்கிறாள். கேமராவைப் பார்த்துப் பேசிய மற்றதிலெல்லாம் யாரோ ஒரு மரியாதையான பெண்மணி.

பட்டியலை எழுத்தாக்கினால் 888 பைட்டில் தாராளமாக அடங்கும். குரலாக அடங்காது. பேச்சைச் சுருக்கிச் சேமிக்க இன்று பயன்படும் ஓபஸ் முறையில் மிகக் குறைந்த வேகம் நொடிக்கு 6 கிலோபிட், அதாவது 750 பைட். 888-இல் ஒரு நொடிக்குச் சற்று மேல். 'துவரம்பருப்பு ஒரு கிலோ' என்று சொல்லி முடிப்பதற்குள் இடம் தீர்ந்துவிடும்.

அப்படியானால் கடையில் வாங்கும் பதக்கம் முழுப் பாட்டையும் முழு வீடியோவையும் காட்டுவது எப்படி? சிப்பில் இருப்பது இணைய முகவரி மட்டும். குரல் வேறெங்கோ, யாரோ வாடகை கட்டும் சர்வரில் இருக்கிறது. வாடகை நின்றால் முகவரி மட்டும் கழுத்தில் தொங்கும்.

*

1859-இல் பாரிஸில் ரெனே டாக்ரோன் என்பவர் ஒரு காப்புரிமை பெற்றார். புகைப்படத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிதாக்கி, ஒரு குட்டிக் கண்ணாடித் துண்டின் தட்டையான முனையில் ஒட்டுவார். மறுமுனை குவிந்திருக்கும். கண்ணை ஒட்டிப் பிடித்து வெளிச்சத்தைப் பார்த்தால் படம் பெரிதாக விரியும். நுண்படம் எடுக்கும் வித்தையை அவருக்கு முன்பே மான்செஸ்டரில் ஜான் பெஞ்சமின் டான்சர் கண்டிருந்தார். லென்சின் மூல வடிவம் ஸ்டான்ஹோப் பிரபுவுடையது. இரண்டையும் ஒன்றாக்கி நகைக்குள் வைத்தது டாக்ரோன். மோதிரம், சிலுவை, பேனாக் கட்டை, பதக்கம் என எல்லாவற்றிலும் ஊசித் துளை அளவில் ஒரு சன்னல். பெயர் மட்டும் பிரபுவுக்கே போயிற்று: இன்றும் அவற்றை ஸ்டான்ஹோப் என்றுதான் சொல்கிறார்கள்.

1870-இல் பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டபோது இதே மனிதர் கடிதங்களை நுண்படமாக்கிப் புறாக்களின் வாலில் கட்டி நகருக்குள் அனுப்ப வழி செய்தார். நகைக்காகக் கற்றது போருக்கு உதவியது. பொதுவாகத் தொழில்நுட்பம் எதிர்த்திசையில்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழம்பொருள் சேகரிப்பவர்களிடம் ஸ்டான்ஹோப்கள் இன்னும் கிடைக்கின்றன. வெளிச்சத்தில் பிடித்தால் படம் தெரிகிறது. மின்சாரம் பகல் வெளிச்சமே. படிக்கும் கருவி கண். புதுப்பிக்க எதுவும் இல்லை. தொட்டால் ஒளிரும் நகை, குலுக்கினால் பேசும் நகை என்று நான் வரைந்த தாள்களை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

முக்கியமாக அந்தச் சைகை. நகையைக் கண்ணருகே தூக்கி, மறு கண்ணை மூடி, வெளிச்சத்தின் பக்கம் திரும்ப வேண்டும். அணிந்தவள் எதையோ பார்க்கிறாள் என்று அறையில் எல்லோருக்கும் தெரியும். எதைப் பார்க்கிறாள் என்று ஒருவருக்கும் தெரியாது. இடைமுகம், பயனர் அனுபவம் என்று நாங்கள் பேசுவதெல்லாம் இங்கே கழுத்துத் தசையின் ஒரு திருப்பத்தில் முடிந்துவிட்டது.

*

விக்டோரியா ராணிக்கு ஒரு கைச்சங்கிலி இருந்தது. ஒவ்வொரு பிள்ளை பிறந்தபோதும் எனாமல் பூசிய இதயம் ஒன்று அதில் சேரும். உள்ளே அந்தப் பிள்ளையின் முடி. மொத்தம் ஒன்பது. அதற்கு முன்பே, 1780-களில், காதலியின் ஒரு கண்ணை மட்டும் தந்தத்தில் தீட்டிப் பதக்கமாக அணியும் பழக்கம் இங்கிலாந்தில் பரவியது. பிற்பாடு நான்காம் ஜார்ஜ் ஆன இளவரசர்தான் அதற்குப் பேர்போனவர். கண் யாருடையது என்று அணிபவருக்குத் தெரிந்தால் போதும்.

நம் பக்கத்தில் தாயத்து. பிள்ளையின் காய்ந்த தொப்புள்கொடியை வெள்ளிக் குழலில் போட்டு, மெழுகாலோ அரக்காலோ அடைத்து, அரைஞாணில் கோத்துவிடுவார்கள். எழுதிய தகட்டைச் சுருட்டி வைப்பதும் உண்டு. ஒரு முறை அடைத்தால் அடைத்ததுதான். திறந்து பார்ப்பதற்கான வசதி அதன் வடிவமைப்பிலேயே இல்லை. உள்ளே இருக்கிறது என்று தெரிந்திருப்பது போதும் என்ற முடிவுக்கு யாரோ, எப்போதோ வந்திருக்கிறார்கள். நான் வேலை பார்த்த துறையில் அப்படி ஒரு முடிவை முன்வைத்தால், பயன்பாடு பூஜ்யம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

*

ஜேன் வாலஸ் என்ற ஆங்கிலேய நகைக் கலைஞர் டிஜிட்டல் நகைத் துறையில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம். முதலில் நகை செய்யக் கற்றவர், பிறகு ஆய்வுக்கு வந்தவர். 2007-இல் ஷெஃபீல்டு ஹாலம் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். டிஜிட்டல் நகை என்றால் உலோகத்துக்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரைத் திணிப்பது என்றே எல்லோரும் எண்ணிய நேரத்தில், அவர் ஒரு மனிதரோடு உட்கார்ந்து பேசிப் பேசி, அந்த ஒருவருக்காக மட்டும் ஒரு பொருளைச் செய்தார்.

அவற்றில் ஒன்றின் பெயர் 'பிளாசம்'. சைப்ரஸில் வேர் உள்ள குடும்பத்தைச் சேர்ந்த, இங்கிலாந்தில் வாழும் ஒரு பெண்ணுக்கானது. பழைய அஞ்சல்தலைகளால் ஆன இதழ்களோடு ஒரு சிறு பூ. சைப்ரஸில் அந்தக் குடும்பத்தின் நிலத்தில் மழையை உணரும் கருவி. அங்கே குறிப்பிட்ட அளவு மழை பெய்து முடிந்ததும் இங்கே பூ விரியும். ஒரே ஒரு முறை. அதன் பிறகு விரிந்தபடியே இருக்கும்.

எப்போது விரியும் என்று சொல்ல முடியாது. வறட்சி என்றால் ஆண்டுகள்கூட ஆகலாம். ஒருவேளை அவள் ஊரில் இல்லாதபோது விரிந்துவிடலாம். முதன்முதலில் படித்தபோது எனக்கு இது கொடுமையாகப் பட்டது. இவ்வளவு பாடுபட்டுச் செய்துவிட்டு ஏன் ஒரே முறை? இப்போது வேறுவிதமாகத் தோன்றுகிறது. பூ மூடியிருக்கும் காலம் முழுக்க அவள் அந்த நிலத்தில் பெய்யும் மழையைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பாள். நினைப்பு அந்தக் காத்திருப்பில்தான் நடக்கிறது. இயந்திரம் செய்வது சொற்பம்.

இன்னொன்று, தாய்க்கும் மகளுக்குமாகச் செய்த இரட்டைக் கழுத்தணி. ஒருத்தி தன்னுடையதைத் தொட்டால் மற்றவளுடையது மெல்ல நடுங்கும். எந்தச் செய்தியும் இல்லை, சொல்லும் இல்லை. 'இப்போது தொட்டாள்' என்பது மட்டும்.

அம்மாவின் குரலைப் பதக்கத்தில் வைத்து, தட்டினால் பேசும்படி செய்வது எனக்குச் சுலபம். தட்டுவேன். மறுபடி தட்டுவேன். கொஞ்ச நாளில் அது ரிங்டோன் ஆகிவிடும். குக்கர் விசில் எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும், தெரிந்த இடத்தில் காது மூடிக்கொள்ளும். குரலைத் தேய்க்காமல் வைத்திருக்க வேண்டுமானால் அதை எடுப்பதற்குக் கொஞ்சம் சிரமம் இருக்க வேண்டும். திருக வேண்டும், கழற்ற வேண்டும், எங்காவது உட்கார வேண்டும்.

*

பட்டறையில் ஆசாரியிடம் தாளை நீட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். அவருக்குச் சிப் புதிதில்லை, பேரன் என்ஜினியர். அவர் கவலை வேறு.

"உள்ள ஏதோ இருக்குங்கறீங்க. சரி. ஒரு காலத்துல மேல் வளையம் தேஞ்சு அறுந்து போகும். அன்னிக்கு இங்க யார் உக்காந்திருப்பான்னு தெரியாது. உள்ள ஆள் இருக்குன்னு அவனுக்கு யார் சொல்றது? அவன் பாட்டுக்குத் தீயை வெச்சுருவாம்மா."

வெள்ளி உருகுவது 961 டிகிரியில். வெள்ளி நகையைப் பற்றவைக்கும் பொடி இளகவே பொதுவாக 700 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அந்தத் தீயின் முன் எந்தச் சிப்பும் நிற்காது. லித்தியம் பேட்டரி உள்ளே இருந்தால் ஆசாரியின் கண்ணுக்கே ஆபத்து. நான் படித்த கட்டுரைகளில் தோல், வியர்வை, தண்ணீர், கீழே விழுதல் எல்லாம் வருகின்றன. ஊதுகுழல் வரவில்லை. நகை வாழ்நாளில் பல முறை தீக்குள் போய் வரும் பொருள் என்பது அவற்றை எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை போலும்.

நம் வீடுகளில் இது இன்னும் கூடுதல். பாட்டியின் அட்டிகையை அழித்து அம்மாவுக்கு வளையல், அம்மாவின் வளையலை அழித்து எனக்குச் சங்கிலி. 'அழித்துச் செய்வது' என்று எந்தத் துக்கமும் இல்லாமல் சொல்கிறோம். என் கழுத்தில் இருப்பதில் பாட்டியின் பொன் எவ்வளவு, கடையில் சேர்த்தது எவ்வளவு என்று எந்த ஆய்வகமும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் இருக்கிறது. தகவல் எதையும் தாங்காத நினைவு அது, உருவமும் இல்லை. இருந்தும் அம்மா அதை ஒரு நாளும் 'புதுச் சங்கிலி' என்று சொன்னதில்லை.

பிறகு அடகு. பள்ளிக் கட்டணம், ஆஸ்பத்திரி, விதைப்பு என்று நகை வெளியே போய்த் திரும்பி வரும். கல்லையும் அரக்கையும் கழித்து நிகர எடை போடுகிற தராசில் அம்மாவின் குரலுக்கும் கழிவுதான். அந்த இரும்புப் பெட்டியில் நகையோடு சேர்ந்து குரலும் கிடக்க வேண்டுமா? வேண்டாம். ஆகவே கழற்ற வருவதாக இருக்க வேண்டும்.

இடையில் ஒன்று. 2021 ஜூலையிலிருந்து ஹால்மார்க் தங்க நகைகளில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு குறிகள் பொறிக்கிறார்கள், நகைக்கு நகை வேறு. 2023 ஏப்ரலிலிருந்து அது இல்லாமல் கடைகள் விற்கக் கூடாது. பிஐஎஸ் கேர் செயலியில் தட்டினால் எத்தனை கேரட், எங்கே சோதித்தது என்று வரும். நம் நகைகள் ஏற்கெனவே ஒரு தரவுத்தளத்துக்குள் போய்விட்டன. யாருக்காக வாங்கியது என்பதைத் தவிர மற்றதெல்லாம் அங்கே இருக்கிறது.

*

உலோகம் ரேடியோவுக்குப் பகை. முழு வெள்ளிச் சிமிழுக்குள் சிப்பை வைத்தால் போன் அதைக் காணாது. காந்தப் புலம் வெள்ளியிலேயே சுழல் மின்னோட்டமாகச் செலவாகிவிடும். ஒரு பக்கமாவது கல்லோ மரமோ பீங்கானோ வேண்டும், சிப்புக்கும் உலோகத்துக்கும் நடுவே ஃபெர்ரைட் தாள் வேண்டும். கல் பதிக்கும் இடத்துக்குக் கீழே வைத்தால் வேலை நடக்கும்.

நடக்கும்தான். ஆனால் எத்தனை நாள்? என்டாக் சிப்பின் தகவல் தாள் எழுதியதைக் காப்பதற்குத் தரும் உறுதி 10 ஆண்டு. உள்ளே நினைவு என்பது சிறைபட்ட எலக்ட்ரான்கள். மெல்லக் கசியும், சூட்டில் வேகமாகக் கசியும். உறுதி முடிந்த மறுநாளே எல்லாம் போய்விடும் என்று பொருளில்லை. ஆனால் அதற்கு மேல் யாரும் பொறுப்பில்லை. வாழ்த்து அட்டையிலும் பொம்மையிலும் பேசும் ஐஎஸ்டி 1820 என்ற மலிவான குரல் சிப்பின் தாளிலோ 100 ஆண்டு என்று போட்டிருக்கிறது. குரலை எண்ணாக மாற்றாமல் மின்னழுத்த அளவாகவே பதிந்துவைக்கும் பழைய பாணி அது. பத்து நொடி, இழுத்தால் இருபது. ஒலி கரகரக்கும். அம்மாவின் குரல் போனில் வருவதும் கரகரவென்றுதான்.

பழைய புகைப்படம் மங்கும். மங்க மங்கக்கூட ஆள் தெரியும். கோப்பு அப்படிப் போவதில்லை. முக்கியமான ஒரு பைட் கெட்டால் முழுதும் திறக்காமல் நின்றுவிடும். மனித மறதிக்குப் பக்கத்தில் இருப்பது புகைப்படம்தான். நாங்களோ கோப்பை 'மெமரி' என்று கூப்பிட்டுப் பழகிவிட்டோம்.

*

பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் போன் என் பதக்கத்தைப் படிக்குமா? மிக அருகில் வந்தால் படிக்கும். தடுக்கக் கடவுச்சொல் போடலாம், சிப்பில் 32 பிட் அளவுக்கு அதற்கு வசதி உண்டு. போட்டால் அது இன்னொருவருக்குத் தெரிய வேண்டும். எங்கே எழுதி வைப்பது? இன்னொரு நகையிலா?

மறதி நோய் உள்ளவர்கள் தங்கியிருக்கும் மருத்துவமனை ஒன்றுக்காக வாலஸும் அவருடைய குழுவினரும் ஒரு பொருள் செய்தார்கள், 2012-இல் அதைப் பற்றி எழுதினார்கள். கையில் எடுக்கும் கண்ணாடிக் கோளங்கள். ஒன்றைத் தொலைக்காட்சிப் பெட்டியில் வைத்தால் அதற்குரிய படம் ஓடும். பொத்தான் இல்லை, பட்டியல் இல்லை, 'மறந்துவிட்டீர்களா?' என்று கேட்கும் திரை இல்லை. நினைவு தளர்ந்தவருக்குக் கடவுச்சொல் கேட்கும் நினைவுப் பெட்டகம் அவமானம். எனக்கும் அந்த வயது வரும்.

*

ஆகவே இப்போதைக்கு இப்படி. வெள்ளிக் குழல், தாயத்தின் வடிவம், மரை போட்ட மூடி. மைக்ரோ எஸ்டி அட்டை 15 மில்லிமீட்டர் நீளம், 11 அகலம். அது உள்ளே போக வேண்டும் என்பதால் தாயத்து கொஞ்சம் தடிக்கும், கழுத்தில் தெரியும். தெரியட்டும். அட்டையில் குரல் முழுதாக, விசிலோடு. பேட்டரி இல்லை, ரேடியோ இல்லை, கடவுச்சொல் இல்லை. கேட்க வேண்டுமானால் திருகி எடுத்து எதிலாவது செருக வேண்டும். பிரதி ஒன்று வீட்டில், ஒன்று தம்பி வீட்டில்.

அட்டையும் ஒரு நாள் படிக்காமல் போகும். அதனால் அதைச் சுற்றி மெல்லிய வெள்ளித் தகடு ஒன்றைச் சுருட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதில் பட்டியல்: துவரம்பருப்பு, உளுந்து, வேண்டாத பெருங்காயம், நடுவே எண்ணிய விசில்கள், மறுபடி துவரம்பருப்பு. ஆசாரி சாவணத்தைக் கீழே வைத்துவிட்டு, சாமி பேரா எழுதணும் என்று கேட்டார். மளிகைதான் என்றேன். ஒன்றும் சொல்லவில்லை, தகட்டுக்குத் தனிக் கூலி மட்டும் சொன்னார். மூடியின் அடியில், அடுத்து வரும் ஆசாரிக்காக, 'தீ வைக்கும் முன் திருகவும்' என்று பொறிப்பது அவருடைய யோசனை.

இது புதுமை இல்லை என்பது எனக்குத் தெரியும். டாக்ரோனுக்கும் முந்திய பொருள். எந்த மாநாட்டிலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

*

இதைப் படிப்பவர்களில் யாராவது இப்படி ஒரு நகைக்குப் பணம் கட்டும் யோசனையில் இருக்கலாம். கேரட்டையும் செய்கூலியையும் சேதாரத்தையும் கேட்கப் பழகியவர்கள் நாம். அதோடு இன்னும் மூன்றைக் கேளுங்கள். குரலோ படமோ இந்த நகைக்குள்ளேயே இருக்கிறதா, உங்கள் சர்வரில் இருக்கிறதா? நீங்கள் கடையை மூடினால் என் கையில் என்ன மிஞ்சும்? உள்ளிருப்பதை உடைக்காமல் வெளியே எடுக்க முடியுமா? பதிலை ரசீதின் பின்புறம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தர மறுத்தால் வெள்ளியின் எடைக்கும் கூலிக்கும் மட்டும் பணம் கொடுங்கள், நினைவுக்கு என்று தனியாகக் கொடுக்காதீர்கள்.